கண்வலிக்கிழங்கு கடல் கடந்த கதை

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் விசைத்தறிக் கொட்டகையில் ராத்திரி ஷிப்ட் முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்கு வருகிறவருக்குக் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல அட்டைகளில் பொடி எழுத்தில் ஒரு நீளப் பெயர் இருக்கும்: தயோகோல்ச்சிகோசைடு. பிடித்துக்கொண்ட தசையைத் தளர்த்துகிற மருந்து. ஏதோ வெளிநாட்டு ஆலையில் பிறந்த ரசாயனம் என்றுதான் தோன்றும். ஆனால் அதன் மூலப்பொருள் ஒரு கொடியின் விதையிலிருந்து வருகிறது. அந்தக் கொடி இதே திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் மூலனூரைச் சுற்றி, முருங்கைக் காடுகளுக்கு நடுவே பந்தல் கட்டி வளர்க்கப்படுகிறது. கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்லும் செங்காந்தள்தான் அது. தமிழ்நாட்டின் மாநில மலர்.

பூவை எல்லோருக்கும் தெரியும். ஆறு இதழும் நெருப்பு நாக்குபோல் நெளிந்து மேல்நோக்கி வளையும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, பிறகு சிவந்து, கடைசியில் முழுச் செந்நிறமாகும். அது நடந்து வந்த பாதைதான் பலருக்குத் தெரியாது. கருங்கடல் கரை, பாரிஸ், லண்டன், திருவல்லிக்கேணி, கல்கத்தா, நியூயார்க் என்று சுற்றிச் சுற்றிப் போகிறது அந்தப் பாதை. இடையில் நம் ஊருக்குச் சோறு போடும் பருத்தியின் பூர்வீகத்தையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறது.

முதலில் வீட்டுக் கதை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற நீண்ட பூப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. முருகனுக்கு உகந்த பூ. பெண்களின் விரல்களுக்குச் சங்கப் புலவர்கள் தேடிப்போன உவமை. பூவைப் பாடினார்கள்; கிழங்கைக் கண்டு பயந்தார்கள். கலப்பைபோல் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பேர் பெற்ற அந்தக் கிழங்கைச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நச்சுப் பொருள்களின் வரிசையில் வைத்தன. சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்றன. சுத்தி செய்த பிறகும் பெரும்பாலும் வெளிப்பூச்சுதான்: தோல் நோய்க்கு, பேனுக்கு, வீக்கத்துக்கு. பிரசவ வலி தாமதமானால் அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கருவைக் கலைக்க உள்ளுக்குக் கொடுத்த கொடுமையும் இருந்தது. அதில் செத்த பெண்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இலங்கையில் நியங்கலா என்ற பெயரில் இது நஞ்சாகவே பேர் வாங்கியது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தவறுதலாக வேகவைத்துத் தின்றவர்களின் கதை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 1966-ல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்று இலங்கைப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியது. கிழங்கின் நஞ்சிலிருந்து பிழைத்தார். ஆனால் பிறகு அவருடைய முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போனது. இந்த முடிகொட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதற்கு அதுதான் வெளியே தெரிகிற அடையாளம்.

சங்கப் புலவர்கள் காந்தளைப் பாடிய காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில், காந்தளைப் பார்த்தே இராத மனிதர்கள், அதன் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியாவில், கோல்ச்சிஸ் என்ற நாடு இருந்தது. அந்த நாட்டின் பேரால் கோல்ச்சிகம் என்று அழைக்கப்பட்ட சிறு செடி அது. இலையுதிர் காலத்தில் ஊதாப் பூ பூக்கும். மண்ணுக்கடியில் குமிழ்போல் ஒரு கிழங்கு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் அதைப் பற்றி எழுதியதற்குக் காரணமே எச்சரிக்கைதான்: வாய்க்கு இதமாக இருக்கும், நல்ல கிழங்கு என்று ஏமாந்து தின்றுவிடாதீர்கள், உயிர் போகும். மூலனூர்ப் பாட்டி பேரனிடம் சொல்கிற அதே எச்சரிக்கை.

ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர்க்காரரான அலெக்சாண்டர் என்ற மருத்துவர், அந்த இனத்துக் கிழங்கைச் சிறு அளவில் கீல்வாதத்துக்கு, குறிப்பாகக் கால் கட்டைவிரலில் தீப்பிடித்ததுபோல் வீங்கும் கவுட் வலிக்கு, கொடுக்கத் தொடங்கினார். இவருடைய அண்ணன் ஆந்தீமியஸ்தான் கான்ஸ்டாண்டினோபிளில் ஹாகியா சோஃபியாவைக் கட்டியவர்களில் ஒருவர். அண்ணன் கட்டிய கட்டடம் இன்னும் நிற்கிறது. தம்பியின் மருந்தும் இன்னும் நிற்கிறது. அரபு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக அது யூனானி மருத்துவத்துக்குள் வந்து, சூரிஞ்சான் என்ற பெயரில் இந்தியக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. காஷ்மீர் மலைகளில் விளையும் கோல்ச்சிகம் இனம் ஒன்று இதற்காகத் தோண்டப்பட்டது. இப்படி ஒரே கடைத்தெருவில், நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக்கிழங்கும் யூனானிக் கடையில் சூரிஞ்சானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே குடும்பம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற ஒரு காரணமும் இல்லை: ஒன்று கொடி, இன்னொன்று தரையோடு ஒட்டிய செடி. ஒன்று குளிர் மலையில், மற்றது நம் வறண்ட காட்டில்.

அடுத்த தாவல் வியன்னாவுக்கு. 1763-ல் ஆன்டன் ஃபோன் ஷ்டோர்க் என்ற மருத்துவர், ஐரோப்பா அஞ்சி ஒதுக்கியிருந்த கோல்ச்சிகத்தைத் தானே விழுங்கிப் பார்த்துப் பரிசோதித்தார். இது அவருடைய பழக்கம். மற்ற நச்சுச் செடிகளையும் இப்படித்தான் தன் உடம்பில் சோதித்தார். கொஞ்ச காலம் கழித்துப் பிரான்சில் நிக்கோலா ஊசோன் என்ற ராணுவ அதிகாரி, ‘ஓ மெடிசினால்’ என்ற பெயரில் ஒரு புட்டி மருந்தை விற்க ஆரம்பித்தார். கவுட் வலிக்கு அற்புத மருந்து. உள்ளே என்ன இருக்கிறது என்பது ரகசியம். ஐரோப்பாவின் செல்வந்தர்களுக்குக் கவுட் வீட்டுக்கு வீடு இருந்த காலம். லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவரும் கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிய தாவரவியலாளருமான ஜோசப் பேங்க்ஸ், காலை ஊன்ற முடியாமல் அவதிப்பட்டவர், அந்தப் புட்டியைத்தான் நம்பியிருந்தார். உலகத்துச் செடிகளையெல்லாம் சேகரித்த மனிதருக்குத் தான் குடிப்பது எந்தச் செடியின் சாறு என்று தெரியாது!

ரகசிய மருந்து என்றால் போலிகள் கிளம்பாமல் இருக்குமா? இங்கிலாந்தில் ஆளாளுக்கு ஒரு திரவத்தைக் காய்ச்சி, இதுதான் அது என்று விற்றார்கள். கடைசியில் 1814-ல் வான்ட் என்ற அறுவை மருத்துவர், பழைய நூல்களில் டிராலஸ் அலெக்சாண்டரின் குறிப்பைப் படித்து, கோல்ச்சிகத்தைச் சாராயத்தில் ஊறவைத்துக் கொடுத்துப் பார்த்து, புட்டிக்குள் இருப்பது இதுவே என்று அறிவித்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேல் பழைய குறிப்பு ஒரு வியாபார ரகசியத்தை உடைத்தது. பழைய மருத்துவ நூல்களைப் புறக்கணிக்கிறவர்களுக்கும், அவற்றைச் சோதித்துப் பார்க்காமலே கும்பிடுகிறவர்களுக்கும் வான்ட் செய்தது ஒரு நல்ல பாடம். அவர் படித்தார், படித்ததோடு நிற்காமல் காய்ச்சிக் கொடுத்தும் பார்த்தார்.

ஆறு வருஷம் கழித்து, 1820-ல், பாரிசில் பெல்லெத்தியே, காவன்தூ என்ற இரண்டு மருந்தாளுநர்கள் கோல்ச்சிகத்திலிருந்து அதன் சத்தைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் சின்கோனா பட்டையிலிருந்து க்வினைனைப் பிரித்த அதே ஜோடி. ஆனால் தாங்கள் பிரித்தது வேறொரு செடியில் ஏற்கெனவே கண்ட பொருள் என்று தவறாக நினைத்துவிட்டார்கள். 1833-ல் ஜெர்மனியில் கைகர் என்பவர்தான், இது தனிப் பொருள் என்று காட்டி, கோல்ச்சிசின் என்று பெயர் வைத்தார்.

இனி நம் பக்கம். 1600களின் கடைசியில் கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீட், மலபார்ச் செடிகளைப் படம் வரைந்து பன்னிரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். அதில் நம் காந்தள் ‘மெந்தோனி’ என்ற மலையாளப் பெயரில் ஏறியது. 1753-ல் லின்னேயஸ் அதற்கு க்ளோரியோசா சுப்பர்பா என்று பேர் சூட்டினார். பெருமைக்கு மேல் பெருமையான பெயர். ஐரோப்பாவுக்கு அது அதுவரைக்கும் கண்ணாடி வீட்டில் வளர்க்கும் அழகுக் கொடி, அவ்வளவே.

மருந்தாக அதைச் சோதித்துப் பார்த்த முதல் நவீன மருத்துவர்களில் ஒருவர் சென்னைக்காரர். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய முதீன் ஷெரீஃப். இந்திய மருந்துகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர். ஒரே மருந்துக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் ஒரு பெயர், தக்கணி உருதுவில் ஒரு பெயர் என்று இருந்ததையெல்லாம் நேர்ப்படுத்தி, 1869-ல் இந்திய மருந்தியல் நூலுக்கு ஒரு துணைநூல் எழுதினார். ஊரெல்லாம் கொடிய நஞ்சு என்று சொன்ன கலப்பைக்கிழங்கை அவர் சிறு அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டிக்கொண்டே போய், தானே தின்று பார்த்தார். குறைந்த அளவில் கொல்லவில்லை, உடம்புக்குத் தெம்பூட்டுகிறது என்று முடிவுக்கு வந்தார். வியன்னாவில் ஷ்டோர்க் செய்த அதே காரியம், நூறு வருஷம் கழித்து, இன்னொரு செடியில். தான் சோதிப்பதும் ஷ்டோர்க் சோதித்ததும் உள்ளே ஒரே பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று இதை யாரும் செய்து பார்க்கவே கூடாது. அதற்கான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நம் மருத்துவ வரலாற்றில் முதீன் ஷெரீஃபுக்கு ஒரு தெருப்பெயர் அளவுக்காவது நினைவு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

1880-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டன், கிழங்கைக் காய்ச்சி வடித்து, ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து, சூப்பர்பின் என்று பெயரிட்டார். பிறகு இவரும், பம்பாயின் டைமக்கும், ஊட்டியில் சின்கோனாப் பட்டையைச் சோதித்துக்கொண்டிருந்த அரசு வேதியியலாளர் டேவிட் ஹூப்பரும் சேர்ந்து ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ என்ற பெருநூலைக் கொண்டுவந்தார்கள். காந்தளைப் பற்றி அதில் விரிவாகவே இருக்கிறது. கோல்ச்சிசின் மட்டும் இல்லை. அது தெரிய 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் வெல்கம் ஆய்வகத்தின் க்ளூவர், க்ரீன், டுடின் மூவரும் காந்தள் கிழங்கைப் பகுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது கருங்கடல் செடியின் அதே கோல்ச்சிசின். டிராலஸ் அலெக்சாண்டர் கொடுத்ததும், பேங்க்ஸ் குடித்ததும், முதீன் ஷெரீஃப் விழுங்கியதும், நம் பாட்டிமார் உள்ளங்காலில் பூசியதும் எல்லாம் ஒன்றுதான். இன்று தாவரவியலாளர்கள் இரண்டு செடிகளையும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பொருள் உடம்பில் என்னதான் செய்கிறது? இந்தக் கேள்விக்கான பதில் ஒருமுறை கைக்கு வந்து நழுவியது. 1889-ல் சிசிலித் தீவின் பலெர்மோவில் பெர்னிச்சே என்பவர் கோல்ச்சிகம் கொடுத்த நாயின் திசுக்களைப் பார்த்தார். பாதியில் பிளவுபட்டு நிற்கும் செல்கள் ஏராளமாக இருந்தன. எழுதி வைத்தார், யாரும் படிக்கவில்லை. 1930களில் பிரஸ்ஸல்ஸில் டூஸ்தாங் என்பவரின் ஆய்வகம் அதையே மறுபடி கண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்க, நூல்போன்ற இழைகள் உருவாக வேண்டும். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவே விடாது. குரோமோசோம்கள் இரட்டித்துவிட்டன, பிரிய வழியில்லை, செல் அப்படியே நின்றுபோகிறது. குடல் சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் என்று எங்கெல்லாம் செல்கள் ஓயாமல் பிரிகின்றனவோ அங்கெல்லாம் முதல் அடி விழும். இலங்கைப் பெண்ணின் முடி கொட்டியது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஸ்வீடனில் லெவான் 1938-ல் வெங்காய வேரில் செய்த சோதனையை இன்று நம் கல்லூரி ஆய்வகங்களிலும் செய்யலாம். வெங்காயத்தை நீர் நிரம்பிய கோப்பையின் வாயில் உட்கார வைத்தால், மூன்று நாளில் வெள்ளை வேர்கள் நூல்போல் இறங்கும். அதை மிக நீர்த்த கோல்ச்சிசின் கரைசலுக்கு மாற்றினால் வேர் நீளுவது நின்று, நுனி குமிழாக வீங்கும். நுனியைக் கத்தரித்து, அமிலத்தில் இளக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பதினாறு குரோமோசோம் இருக்க வேண்டிய செல்லில் முப்பத்திரண்டு, சிதறிய நூல் துண்டுகளாகக் கிடக்கும். ஒரு சாற்றில் ‘மருத்துவக் குணம் இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும், இதோ இந்தச் செல்லில் இந்தக் கட்டத்தில் இப்படிக் கைவைக்கிறது என்று காட்டுவதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு கண்ணாடித் தகடு சொல்லிவிடும்.

இரட்டித்த குரோமோசோம்! செடி வளர்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? 1937-ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் பிளேக்ஸ்லீ ஊமத்தை விதைகளைக் கோல்ச்சிசினில் ஊறவைத்து, குரோமோசோம் இரட்டித்த ஊமத்தைகளை உருவாக்கினார். அதற்குப் பிறகு வந்த பத்தாண்டுகளில் பயிர் இன விருத்தியாளர்களிடம் கோல்ச்சிசின் ஜுரமே பரவியது. ஜப்பானில் கிஹாரா இந்த வழியில்தான் விதையில்லாத் தர்ப்பூசணிக்குப் போனார். கோயம்புத்தூர் கரும்பு இன விருத்தி நிலையத்தில் 1930களில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்த ஜானகி அம்மாள், பிறகு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் இட்டார். அதில் வந்த வெள்ளைப் பூ மரம் ஒன்று இன்றும் ‘ஜானகி அம்மாள்’ என்ற பெயரிலேயே வழங்குகிறது. 1956-ல் ட்யோ, லெவான் இருவரும் மனிதச் செல்லைக் கோல்ச்சிசினால் பாதியில் நிறுத்தி எண்ணிப் பார்த்து, நமக்கு 48 இல்லை, 46 குரோமோசோம்தான் என்று உறுதி செய்தார்கள். வெங்காய வேரைப் பார்த்த அதே லெவான்தான்.

நம் ஊருக்கு நேரடியாக வந்து தொடுகிற முடிச்சு பருத்தியில் இருக்கிறது. கருங்கண்ணி போன்ற நம் நாட்டுப் பருத்திக்கு 13 ஜோடி குரோமோசோம். கம்போடியா என்ற பெயரில் நமக்கு வந்து, கோவை ஆலைகளை நிறைத்த அமெரிக்கப் பருத்தி இனத்துக்கு 26 ஜோடி. ஏன் இரண்டு மடங்கு? ஆசியப் பருத்தியும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியும் எப்போதோ கலந்து பிறந்தது அது என்று ஒரு கருத்து இருந்தது, நிரூபணம் இல்லை. டெக்சாஸில் பீஸ்லி, கருங்கண்ணியின் இனத்தை அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றோடு கலந்தார். வந்த செடி மலடு. அதற்குக் கோல்ச்சிசின் கொடுத்தார். குரோமோசோம் இரட்டித்தது, மலடு தீர்ந்தது, 26 ஜோடியுள்ள பருத்தி மனிதன் கையில் மறுபடி பிறந்தது. 1940-ல் அவர் எழுதிய கட்டுரை பருத்தியின் பூர்வீக வழக்கில் பெரிய சாட்சி. அதோடு நிற்கவில்லை. அந்தச் செடியைச் சாதாரண அமெரிக்கப் பருத்தியோடு கலந்ததில் வந்த மூவினக் கலப்பு, இழை உறுதிக்கான பண்பைப் பிற்கால ரகங்கள் பலவற்றுக்குக் கொடுத்தது. பனியன் துணிக்கு நூல் வாங்குகிற நம் ஆட்கள் முதலில் கேட்பது அறுபடாத நூல்தானே. அந்த உறுதிக்குப் பின்னால் இருக்கும் கதையில் கோல்ச்சிசினுக்கும் ஒரு பங்கு உண்டு.

மருந்து உலகத்தில் இதற்குள் வேறொரு திருப்பம். 1950களில் பிரான்சில், கோல்ச்சிசினின் உறவுப் பொருளில் ஒரு ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தை வைத்துத் தயோகோல்ச்சிகோசைடு பிறந்தது. கவுட் வலிக்கு இல்லை, தசைப்பிடிப்புக்கு. இந்த உறவுப் பொருள் காந்தள் விதையில் நன்றாகவே கிடைக்கிறது. கோல்ச்சிசினும் விதையில்தான் அதிகம், கிழங்கில் குறைவு. கோல்ச்சிசினை ஆய்வகத்தில் செயற்கையாகக் கட்டிவிட முடியும் என்று 1959-ல் சூரிக்கில் எஷன்மோசர் காட்டிவிட்டார். பெரிய வெற்றிதான், ஆனால் அத்தனை படிகள் தாண்டிச் செய்வதைவிடச் செடியிலிருந்து எடுப்பதே மலிவு. ஆலைகள் கொடியை விடவில்லை.

இப்படித்தான் கொங்கு நாட்டுக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியில் தானாக ஏறிப் படர்ந்திருந்த கொடி பயிராக மாறியது. மூலனூர், கன்னிவாடி, அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும், கடலோரம் வேதாரண்யத்திலும் காந்தள் சாகுபடி பரவியது. ஆடி வாக்கில் கிழங்கு நட்டு, தை மாசியில் காய் பறிக்கிறார்கள். முதலீட்டில் பெரும் பங்கு நடவுக் கிழங்குக்கே போய்விடும். வேலையில் பெரும் பங்கு பூவுக்குப் போகும். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். தன் மகரந்தம் தன்மேல் விழாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு. காட்டில் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். ஏக்கர்க்கணக்கில் நட்டால் பூச்சி போதாது. ஆகவே பூக்கிற நாளெல்லாம் விடிகாலையில் பெண்கள் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு பூவின் மகரந்தத்தைச் சிறு தூரிகையில் தொட்டு அடுத்த பூவின் சூல்முடியில் தடவிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும் கை. வெயில் ஏறிவிட்டால் பயனில்லை. உலகத்தின் கோல்ச்சிசினில் ஒரு பங்கு இந்தக் கைகளைத் தாண்டித்தான் போகிறது. இந்த நஞ்சை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் இலையைத் தின்று தீர்க்கும் கறுப்பு வெள்ளைச் சிவப்புப் புழு ஒன்றும் உண்டு. விவசாயிக்கு அதனோடு தனிப் போர்.

பூவாகவும் இந்தக் கொடி நெடுந்தூரம் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் இயல்பாக விளைவதால் ஜிம்பாப்வேயின் தேசிய மலர். 1947-ல் அன்றைய தென் ரொடீஷியாவின் பள்ளிப் பிள்ளைகள் இளவரசி எலிசபெத்துக்குக் கொடுத்த வைர ஊசிப்பதக்கம் இந்தப் பூவின் வடிவம். ஈழத் தமிழருக்கு இது கார்த்திகைப்பூ. மாவீரர் நாளின் பூ. நெதர்லாந்திலும் ஜப்பானின் கோச்சியிலும் கொத்துப் பூவாக விற்கிறார்கள்.

இப்போது அளவு விஷயத்துக்கு வருகிறேன். கோல்ச்சிசின் மாத்திரை ஒன்று அரை மில்லிகிராம். காய்ந்த காந்தள் விதை ஒரு கிராமில் 5 முதல் 9 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஒரே கிராம் விதையில் பத்து மாத்திரையோ அதற்கு மேலோ! அதுவும் மண்ணுக்கு மண், செடிக்குச் செடி மாறும். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. முறிவு மருந்து எங்கும் கடையில் கிடைப்பதில்லை. கைப்பக்குவத்தால் இதை அளந்துவிட முடியாது. முதீன் ஷெரீஃப் பிழைத்ததில் அவருடைய நிதானத்துக்குப் பங்கு உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் உண்டு. இந்தச் செடியை வீட்டு வைத்தியத்துக்குச் சிபாரிசு செய்து பரப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அளவு தெரியாமல் டாக்டர்களே பல காலம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது 2009 வாக்கில்தான் ஒழுங்காக நிரூபணமானது. இருநூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில், கவுட் வலி வந்தவுடன் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் கொடுத்த பலன் கிடைத்தது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வெகுவாகக் குறைந்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய மருந்துக்கு அப்போதுதான் அமெரிக்க அரசின் முறையான ஒப்புதல். சோதனை நடத்திய கம்பெனிக்குத் தனி விற்பனை உரிமையும் கிடைத்தது. சில காசுக்கு விற்ற மாத்திரை ஐந்து டாலரை நெருங்கியது. ஊசோனின் புட்டி மறுபடி வந்ததுபோல்தான்.

இன்னொரு பக்கம், வீக்கத்தை அடக்கும் இதன் குணம் இதயத்துக்கு உதவுமா என்ற கேள்வி. 2020-ல் வெளியான, 5,522 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில், தினம் அரை மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய ஆபத்துகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்கா இதய நோய்க்கும் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த ஏழாயிரம் பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் பதினோராயிரம் பேருக்கு மேல் சோதித்து, பயனில்லை என்று நிறுத்தினார்கள். தயோகோல்ச்சிகோசைடுக்கும் 2013-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் கடிவாளம் போட்டது: உடம்பில் அது உருமாறி உண்டாகும் ஒரு பொருள் குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்பதால் மாத்திரை ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. கிழங்கின் பழைய குணம், பெயர் மாறியும் போகவில்லை. இடுப்பு வலிக்கு மாதக்கணக்கில் தானாகவே வாங்கி விழுங்குகிற நம் ஆட்கள் இதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கிலோ விதையில் கணக்குப்படி பத்தாயிரம் மாத்திரைக்கான சரக்கு இருக்கிறது. விதைக்கு ஒரு வருஷம் கொண்டாட வைக்கும் விலை. அடுத்த வருஷம் முதலுக்கே மோசம். வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர், நடுவில் தரகர். அரசே விலை வைக்க வேண்டும் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டுவருகிறார்கள். நியாயமான கோரிக்கை. அதோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். ஆலைக்குத் தேவை விதையின் எடை இல்லை, உள்ளே இருக்கும் கோல்ச்சிசின் சதவீதம். அதை அளக்கும் கருவி கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, திருப்பூரைச் சுற்றியுள்ள கல்லூரிகள் சிலவற்றிலும் இருக்கலாம். காந்தள் சாற்றில் அந்தக் குணம் இருக்கிறதா, இந்தக் குணம் இருக்கிறதா என்று மாணவர்கள் ஆண்டுதோறும் சோதித்துக் கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கருவியின் ஒரு வார நேரத்தைத் தை மாதத்தில் மூலனூர் விதைக்கு ஒதுக்கலாம். பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்த்து விலை போடுவதைப்போல, தன் விதையின் சதவீதம் எழுதிய சீட்டோடு விவசாயி பேரத்துக்கு உட்கார முடியும். கைத்தூரிகையோடு பூப்பூவாகத் தொட்டுப் போகிறவர்களுக்கு, எந்தக் காட்டுக் கிழங்கு நல்ல சத்து கொடுக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும். அடுத்த ஆடிக்கு நடவுக் கிழங்கை அதிலிருந்து எடுக்கலாம்.